முதுமையும் குவார்ட்டர்பேக்கும்: ஒரு மதிப்பீடு

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் தாக்குதலை நடத்தும் வீரர். முப்பத்தைந்து வயதைக் கடந்த குவார்ட்டர்பேக்குகளைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றில் போய் நிற்கிறது. ஒன்று, "வயதாகிவிட்டது, இவர் எப்போதோ விலகியிருக்க வேண்டும்" என்பது. மற்றொன்று, "உழைத்தால் வயது ஒரு தடையே அல்ல, டாம் பிரேடியைப் பாருங்கள்" என்பது. இவ்விரு கருத்துகளும் எவ்வளவு தூரம் சரி என்பதை நேஷனல் ஃபுட்பால் லீகில் (என்.எஃப்.எல்.) விளையாடிய சில மூத்த வீரர்களின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

குவார்ட்டர்பேக்கின் பணி

ஒவ்வொரு ஆட்டத் தொடக்கத்திலும் பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வருகிறது. அவர் இரண்டு மூன்று வினாடிகளுக்குள் எதிரணியின் தற்காப்பு அமைப்பைக் கணித்து, யாருக்குப் பந்தை எறிவது என முடிவு செய்து எறிய வேண்டும். அதற்குள் நூறு கிலோவுக்கும் அதிக எடையுள்ள தற்காப்பு வீரர்கள் அவரை வீழ்த்த ஓடி வருவார்கள். ஆகவே இப்பணிக்கு மூன்று திறன்கள் தேவை: எறியும் கையின் வலிமை, ஆபத்திலிருந்து நகரும் காலின் வேகம், களத்தைப் படிக்கும் அறிவு.

முதல் இரண்டும் வயதோடு குறைகின்றன. தசைகளின் வெடிப்பு வேகம் மங்குகிறது; பட்ட அடி ஆற முன்பைவிட அதிக நாள் ஆகிறது. மூன்றாவது மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. பின்னால் ஓடி விளையாடும் ரன்னிங்பேக் போன்ற வீரர்கள் முப்பது வயதை ஒட்டியே தேய்ந்துவிடும் ஒரு விளையாட்டில், குவார்ட்டர்பேக் நாற்பதை எட்ட முடிவதற்கு இதுவே காரணம். அவருடைய உடல் இழப்பதை அவருடைய அறிவு சில காலம் ஈடு செய்கிறது. எவ்வளவு காலம் என்பதே கேள்வி.

மோரிஸ் பெர்மனின் புகைப்படம்

முதுமையடைந்த குவார்ட்டர்பேக் என்றதும் அமெரிக்கர்களின் நினைவுக்கு வருவது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 1964 செப்டம்பர் 20 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்த ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஒய்.ஏ. டிட்டில், எதிரணி வீரர் ஜான் பேக்கரால் பலமாக மோதி வீழ்த்தப்பட்டார். தலைக்கவசம் கழன்று, வழுக்கைத் தலையிலிருந்து ரத்தம் வழிய, தரையில் முழங்காலிட்டு அமர்ந்திருந்த அவரைப் புகைப்படக் கலைஞர் மோரிஸ் பெர்மன் படம் பிடித்தார். டிட்டிலுக்கு அப்போது வயது 37.

பெர்மன் பணியாற்றிய நாளிதழ் அப்படத்தை உடனே வெளியிடவில்லை. அதில் ஆட்டமே இல்லை என்பது ஆசிரியரின் எண்ணம். பின்னாளில் அதுவே விளையாட்டுப் புகைப்படங்களுள் மிகவும் அறியப்பட்ட ஒன்றாகி, கால்பந்துப் பெருமை மன்றத்தில் இடம்பெற்றது.

படத்தின் வலிமை அதன் அமைதியில் இருக்கிறது. பந்து இல்லை, மோதியவர் இல்லை, மூச்சு வாங்கும் ஒரு மனிதர் மட்டுமே இருக்கிறார். ஆனால் அந்த வலிமையே நம்மைத் தவறான முடிவுக்கும் இட்டுச் செல்கிறது. இப்படத்தைக் காண்பவர், நெடுங்காலமாக வீழ்ந்துகொண்டிருந்த ஒருவரின் கடைசிப் படி இது என்று எண்ணிக்கொள்வார். உண்மை அதுவன்று. அதற்கு முந்தைய ஆண்டான 1963-இல் டிட்டில் 36 டச்டவுன் எறிதல்களைச் செய்து லீகில் புதிய சாதனை படைத்திருந்தார். 1984-இல் டான் மரீனோ 48 எறியும்வரை லீகில் அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை. 1961, 1962, 1963 என மூன்று ஆண்டுகளும் அவர் தம் அணியை இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். மூன்றிலும் அணி தோற்றது. படத்திலுள்ளவர் ஓராண்டுக்கு முன்புவரை உச்சியில் நின்றவர்.

சரிவின் வடிவம்

1964-இல் டிட்டிலின் டச்டவுன் எறிதல்கள் 10; எதிரணியிடம் பறிகொடுத்த எறிதல்கள் 22. அந்த ஆண்டோடு அவர் ஓய்வு பெற்றார். 36-இலிருந்து 10 என்பது படிப்படியான தேய்வாகத் தெரியவில்லை. இதே வடிவம் பிற்காலத்திலும் திரும்ப வருவதைக் காணலாம்.

பிரெட் ஃபார்வ், 2009-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்காக, நாற்பது வயதில் 33 டச்டவுன் எறிதல்களைச் செய்தார்; பறிகொடுத்தவை 7 மட்டுமே. அடுத்த ஆண்டில் டச்டவுன்கள் 11, பறிகொடுத்தவை 19. 1992 முதல் தொடர்ச்சியாக 297 ஆட்டங்களில் தொடக்க வீரராக இறங்கிய அவரது சாதனையும் 2010 டிசம்பரில் முடிவுக்கு வந்தது.

பேட்டன் மேனிங் கழுத்து அறுவைச் சிகிச்சைகளால் 2011-ஆம் ஆண்டு முழுவதும் ஆடவில்லை. டென்வர் பிராங்கோஸ் அணிக்கு மாறி, 2013-இல் 37 வயதில் 55 டச்டவுன்களும் 5,477 கஜங்களும் எறிந்து சாதனை படைத்தார். 2014-இல் 39 டச்டவுன்கள். 2015-இல் 9 மட்டுமே, பறிகொடுத்தவை 17.

மூன்று பேருக்கும் வீழ்ச்சி ஒரே ஆண்டில் வந்தது. இதனை மாணவர்கள் ஒரு வீட்டுக் கணக்காகக் கொண்டு புரிந்துகொள்ளலாம். வருமானம் குறைந்துவருகிறது, சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவை ஈடுகட்டுகிறோம். சேமிப்பு இருக்கும்வரை வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. அது தீரும் மாதத்தில் எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். கையின் வலிமை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகையில், பந்தைச் சற்று முன்னதாக எறிந்து மூத்த வீரர் அதை மறைத்துவிடுகிறார். முன்னதாக எறிய இடமில்லாத நிலை வந்ததும், அதே எறிதல் எதிரணியின் கைக்குப் போகிறது. சரிவு திடீரென வருவதில்லை, திடீரெனத் தெரியவருகிறது.

ஆகவே "உச்சத்தில் இருக்கும்போதே விலகியிருக்க வேண்டும்" என்ற அறிவுரை முடிவு தெரிந்த பின் சொல்லப்படுவது. 36 டச்டவுன் எறிந்த ஒருவரிடம் 1963-இன் இறுதியில் யார் அப்படிச் சொல்லியிருப்பார்கள்?

பிரேடி: விதியா, விலக்கா?

எதிர்த்தரப்பின் சான்று டாம் பிரேடி. 2019-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் அவர் 24 டச்டவுன்களோடு ஆண்டை முடித்தார். அந்த அணிக்காக அவர் எறிந்த கடைசிப் பந்தை எதிரணி வீரர் பறித்து டச்டவுன் ஆக்கினார். பலரும் அவருடைய காலம் முடிந்தது என்றனர். அவர் டாம்பா பே பக்கனியர்ஸ் அணிக்கு மாறி, 40 டச்டவுன்கள் எறிந்து, 2021 பிப்ரவரி 7 அன்று 43 வயதில் தம் ஏழாவது சூப்பர் பவுலை வென்றார். 44 வயதில் 5,316 கஜங்கள் எறிந்து லீகிலேயே முதலிடம் பெற்றார். 2023 பிப்ரவரியில் இறுதியாக ஓய்வு பெற்றார்.

இச்சாதனை ஐயத்துக்கு இடமற்றது. அதிலிருந்து பெறப்படும் பாடமே ஐயத்துக்குரியது. முதலாவதாக, பிரேடி என்றுமே கால் வேகத்தை நம்பியவர் அல்லர். 2000-ஆம் ஆண்டு, லீக் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நடத்திய சோதனையில் 40 கஜ ஓட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது 5.28 வினாடி. அது மிக மெதுவான ஓட்டம். 199-ஆவது வீரராகத்தான் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இல்லாத வேகத்தை முதுமை பறிக்க முடியாது. ஓடி விளையாடும் குவார்ட்டர்பேக்குக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தாது.

இரண்டாவதாக, டாம்பாவில் அவருக்கு மைக் எவன்ஸ், கிறிஸ் காட்வின் போன்ற சிறந்த பந்து பிடிப்பாளர்கள் கிடைத்தனர். அந்தச் சூப்பர் பவுலில் அவருடைய அணியின் தற்காப்பு, கான்சஸ் சிட்டியை ஒரு டச்டவுன்கூட எடுக்க விடவில்லை. 2019-க்கும் 2020-க்கும் இடையில் பிரேடிக்கு வயது குறையவில்லை, சூழல் மாறியது.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. மேனிங் தம் தொழில் வாழ்வின் மிக மோசமான ஆண்டான 2015-இல்தான் இரண்டாவது முறையாகச் சூப்பர் பவுல் வென்றார். 39 வயதில், அந்த ஆட்டத்தில் அவர் எறிந்தது 141 கஜங்கள் மட்டுமே. கோப்பையைப் பெற்றுத் தந்தது டென்வரின் தற்காப்பு. கோப்பையை வைத்து ஒரு மூத்த வீரரின் நிலையை அளப்பது சரியான அளவுகோல் ஆகாது.

விதிகள் தந்த ஆயுள்

டிட்டிலின் காலத்தையும் பிரேடியின் காலத்தையும் ஒப்பிடுவோர் விதிகளை மறந்துவிடுகின்றனர். 1978-இல் பந்து பிடிப்பாளரை ஐந்து கஜத்துக்கு அப்பால் இடித்துத் தடுப்பது தடை செய்யப்பட்டது. 2008-இன் முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் காயமுற்றபின், தரையில் கிடக்கும் தற்காப்பு வீரர் குவார்ட்டர்பேக்கின் காலை நோக்கிப் பாய்வதற்கு எதிரான விதி 2009-இல் கடுமையாக்கப்பட்டது. 2018-இல் குவார்ட்டர்பேக்கின் மேல் முழு உடல் எடையையும் சாய்த்து விழுவதும் குற்றமாகக் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. இன்றைய நாற்பது வயது வீரரின் ஆயுளில் அவருடைய உணவுக் கட்டுப்பாட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்றால், விதிப் புத்தகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இவ்வளவு காப்பிருந்தும் உடல் சில வேளைகளில் எச்சரிக்கையின்றிக் கைவிடுகிறது. நான்கு முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்ற ஆரன் ராட்ஜர்ஸ், 2023 செப்டம்பரில் 39 வயதில் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்காகத் தம் முதல் ஆட்டத்தில் இறங்கினார். நான்காவது நகர்விலேயே குதிகால் தசைநாண் அறுந்து, அந்த ஆண்டு முழுவதும் வெளியே உட்கார நேர்ந்தது.

விலகலும் ரசிகர்களும்

விலகும் காலத்தைப் பற்றிய பேச்சில் ரசிகர்களின் நேர்மையும் சோதனைக்குரியது. 2019 ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் ஆண்ட்ரூ லக், தொடர் காயங்களும் வலியும் தாங்க முடியாமல் 29 வயதில் ஓய்வை அறிவித்தார். செய்தி கசிந்த இரவில் அவர் களத்தை விட்டு நடந்தபோது, சொந்த ஊர் ரசிகர்களில் ஒரு பகுதியினர் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டு ஏளனம் செய்தனர்.

இருக்க விரும்பியவரைப் போகச் சொன்ன கூட்டமே, போக விரும்பியவரை ஏன் இருக்கவில்லை என்று கேட்டது. ஸ்டீவ் யங், டிராய் எய்க்மன் ஆகியோரின் விளையாட்டு வாழ்வும் தலையில் பட்ட அடிகளுக்குப் பின்னரே முடிவுக்கு வந்தது. மூளைக் காயம் குறித்து முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் 2013-இல் லீக் உடன்பாட்டுக்கு வந்தது. இந்த விளையாட்டில் "இன்னும் ஓர் ஆண்டு" என்பது புள்ளிவிவரத்தில் சேரும் ஓர் ஆண்டு மட்டும் அன்று. உடலில் சேரும் ஓர் ஆண்டும் ஆகும்.

நீடித்திருப்பதற்கு மற்றவர்கள் தரும் விலையும் உண்டு. ஃபார்வின் பின்னால் ராட்ஜர்ஸ் மூன்றாண்டுகள் காத்திருந்தார். பின்னர் ராட்ஜர்ஸின் பின்னால் ஜோர்டன் லவ் மூன்றாண்டுகள் காத்திருந்தார். காத்திருந்த காலத்தில் அவர்கள் கற்றிருக்கலாம். ஆனால் ஓர் அணி ஒரு மூத்தவரையே நம்பி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஜயன்ட்ஸ் சான்று. 1963-க்குப் பின் அந்த அணி அடுத்த முறை பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது 1981-இல்தான். அதற்கு டிட்டிலைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பின் யார் என்று யோசிக்க வேண்டியது அணி நிர்வாகத்தின் கடமை.

மதிப்பீடு

முதுமை குவார்ட்டர்பேக்கை ஒரே விதமாகத் தாக்குவதில்லை. அவர் எந்தத் திறனை நம்பி ஆடினார், எத்தனை அடி வாங்கினார், சுற்றிலும் யார் இருந்தனர், எந்த விதிகளின் கீழ் ஆடினார் ஆகியவற்றைப் பொறுத்தே அது அமைகிறது. பிறந்த ஆண்டை மட்டும் கொண்டு லக்கின் 29 வயதையும் பிரேடியின் 44 வயதையும் புரிந்துகொள்ள முடியாது.

டிட்டிலின் படத்தைத் தோல்வியின் படமாக மட்டும் பார்ப்பது, அவருடைய பதினேழு ஆண்டு உழைப்பை ஒரு நொடியில் அடைப்பதாகும். பிரேடியின் கோப்பையை எல்லோருக்கும் உரிய வாக்குறுதியாகக் காட்டுவது, உடல் ஒத்துழைக்காத வீரர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வதாகும். டிட்டிலின் படத்தைப் பார்க்கும்போது 1963-இன் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரேடியின் கோப்பையைப் பார்க்கும்போது அவருக்கு முன்னும் பின்னும் நின்ற வீரர்களையும் எண்ண வேண்டும். எப்போது விலகுவது என்ற முடிவை, அந்த உடலின் வலியைச் சுமப்பவரிடமே விட்டுவிடுவதுதான் முறை.