மரவில் முறியாமை: இங்கிலாந்து, அமெரிக்க வில்வினை மரபுகளும் அவற்றின் அளவைகளும்

ஒரே மரத்துண்டிலிருந்து செதுக்கி எடுக்கப்படும் வில், முழுமையாக இழுக்கப்பட்ட நிலையில், தன் மரம் தாங்கக்கூடிய எல்லையைத் தொட்டுவிடும் அளவுக்கு அருகில் நிற்கிறது. எய்பவனுக்கு அப்பால் இலக்கை நோக்கியிருக்கும் புறம் வில்லின் முதுகு என்றும், அவன் முகத்தை நோக்கியிருக்கும் புறம் வயிறு என்றும் வழங்கப்படுகின்றன. நாண் இழுபடும்போது முதுகின் நார்கள் நீட்டப்படுகின்றன. வயிற்றின் நார்கள் நசுக்கப்படுகின்றன. இவ்விரு பக்கங்களும் தோற்கும் முறை ஒன்றல்ல. வயிறு தோற்கும்போது வில் நிரந்தரமாகச் சற்று வளைந்துவிடுகிறது, அல்லது குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் தோன்றுகின்றன; முதுகு தோற்கும்போதோ ஒரு நார் மேலெழும்பி, அடுத்த நொடியே வில் இரண்டாகவோ மூன்றாகவோ சிதறுகிறது. வயிற்றின் தோல்வி வில்லைக் கெடுப்பதோடு நின்றுவிடும், முதுகின் தோல்வி ஆளையே காயப்படுத்தும் என்னும் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு பார்த்தால்தான், வில்வினையின் வெவ்வேறு மரபுகள் தமக்கென வகுத்துக்கொண்ட விதிகளின் காரணம் விளங்கும்.

இங்கிலாந்தின் நெடுவில் மரபு யூ மரத்தைச் சார்ந்தது. அம்மரத்தின் வெளிப்புற வெள்ளை இழுவிசையை நன்கு தாங்குவதாலும், உள்ளிருக்கும் வைரம் நசுக்கத்தைத் தாங்குவதாலும், வெள்ளை முதுகாகவும் வைரம் வயிறாகவும் அமையும்படி கம்பைப் பிளந்தெடுப்பது வழக்கமாயிற்று. உள்நாட்டு யூ பெரும்பாலும் கணுக்களும் முறுக்கும் நிறைந்தது. உயர்மலைகளில் மெதுவாக வளர்ந்த ஐரோப்பிய யூவோ நெருங்கிய வளையங்களும் நேரான நாரோட்டமும் உடையது. எனவே நல்ல வில்கம்புக்கு இறக்குமதியே வழியாயிற்று; அங்குக் கொண்டுவரப்படும் சரக்கில் டன் ஒன்றுக்கு நான்கு வில்கம்புகள் சேர்ந்து வரவேண்டும் என்று 1472ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் விதித்தது. படைத்தேவைக்காக இயற்றப்பட்ட சட்டமே எனினும், நேரான நாருடைய கம்பு எவ்வளவு அரிதாயிருந்தது என்பதற்கு அது சான்றாகிறது.

1545இல் சோலண்ட் நீரிணையில் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலிலிருந்து 172 நெடுவில்கள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ 1.87 மீட்டர் முதல் 2.11 மீட்டர் வரை நீளமுள்ள இவற்றின் இழுவிசை 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கக்கூடும் என ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். இத்தகைய சுமையைத் தாங்கிய வில்களில் கணு உள்ள இடங்கள் மற்ற இடங்களோடு சமமாகச் செதுக்கப்படாமல் சற்றுத் தடிப்பாக விடப்பட்டிருப்பது கவனத்துக்குரியது. கணுவைச் சுற்றி நார் வளைந்து ஓடுவதால், அங்கே மரத்தை இழைத்துச் சமப்படுத்துவது அந்நாரை அறுத்துவிடுவதாகும். பார்வைக்கு ஒழுங்கற்ற அந்தப் புடைப்பே வில்லைக் காத்தது. வழவழப்பை அழகின் அளவையாகக் கொள்ளும் கண், இவ்விடத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளவேண்டும்.

கப்பல் மூழ்கிய அதே 1545இல் ரோஜர் ஆஸ்கம் எழுதிய டாக்ஸோஃபிலஸ் என்னும் நூல் வெளிவந்தது. வில் முறிவதற்கு நாண், அம்பு, மிகை இழுப்பு, உறைபனி என்னும் நான்கு காரணங்களை அந்நூல் வகுத்துக் கூறுகிறது. நாண் மிகக் குறுகியதாகவோ மிக நீண்டதாகவோ இருப்பதும், கோணலாக மாட்டப்படுவதும், வில்முனையில் நாண் மாட்டும் பள்ளத்தின் கூரிய விளிம்பில் அறுபடுவதும் முதற்காரணத்துள் அடங்கும். அம்பின் அடிப்பிளவு உடைவதோ நாண் அதிலிருந்து நழுவுவதோ இரண்டாம் காரணம். அந்த நொடியில் வில், அம்பின்றி விடப்பட்டதற்கு ஒப்பாகிறது. ஐம்பது பவுண்டு வில்லொன்று முழு இழுப்பில் ஏறத்தாழ 60 ஜூல் ஆற்றலைத் தேக்கி வைக்கிறது. அதில் பெரும்பகுதியை அம்பு எடுத்துச் செல்லவேண்டும். எடுத்துச் செல்ல அம்பு இல்லாதபோது அவ்வாற்றல் முழுவதும் வில்லின் கைகள் எனப்படும், பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகளிலும் நாணிலும் மோதி அதிர்கிறது. வெறும் நாணை இழுத்து விடக்கூடாது என்று இன்றைய பயிற்சிக்களங்கள் முதல் நாளிலேயே கற்பிப்பதன் காரணம் இதுவே.

ஆஸ்கமின் நூலில் மிகவும் போற்றத்தக்க பகுதி, வயிற்றில் தோன்றும் சிறு நசுங்கல்களைப் பற்றியது. அத்தகைய இடத்தைக் கண்டவுடன் அதன் இரு மருங்கும் உள்ள மரத்தைச் சிறிது இழைத்து, அவையும் சேர்ந்து வளையும்படி செய்துவிட்டால், நசுங்கல் மேலும் வளராது என்கிறார் அவர். பழுதுற்ற இடத்தைத் தொடாமல், அதன் சுமையை அண்டை இடங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் இந்த நெறி, இன்றைய பொறியியலார் தகைவுச் செறிவைத் தவிர்த்தல் என்று கூறுவதோடு முழுமையாகப் பொருந்துகிறது.

இருபதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் வேறொரு மரபு உருவாயிற்று. சாக்ஸ்டன் போப் 1923இல் வெளியிட்ட வேட்டை வில் பற்றிய நூல் பலரை மீண்டும் மரவில்லின்பால் ஈர்த்தது. பெல் ஆய்வகத்து இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் குளோப்ஸ்டெக், ஃபாரஸ்ட் நாக்லர் ஆகியோர் வில்லை அளவைகளுக்கும் கணக்குக்கும் உட்படுத்தினர். நெடுவில்லின் உயர்ந்து வளைந்த வயிற்றில், முகட்டின் மீது மட்டும் நசுக்கம் குவிகிறது. தட்டையான வயிற்றிலோ அது அகலம் முழுவதும் பரவுகிறது. அதனால் அகன்று தட்டையான கைகளை உடைய வில், அதே இழுவிசையைக் குறைந்த வருத்தத்தோடு தருகிறது. 1992இல் வெளிவரத் தொடங்கிய பாரம்பரிய வில்வினைஞர் தொகுதிகளில் டிம் பேக்கர் இதை மேலும் விரித்து, மரத்தின் அடர்த்தி குறையக் குறையக் கையின் அகலம் கூடவேண்டும் என்று விளக்கினார். யூவும் ஓசேஜ் ஆரஞ்சும் மட்டுமே வில்லுக்கு உரியவை என்றிருந்த எண்ணம் இதனால் மாறி, ஹிக்கரி, எல்ம், ஆஷ், மேப்பிள் போன்ற மரங்களும் ஏற்புடையவையாயின.

1951இல் நிறுவப்பட்ட பிரித்தானிய நெடுவில் கழகம் மரபின் வடிவைக் காக்க முனைகிறது. கையின் தடிப்பு, எந்த இடத்திலும் அதன் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக்கூடாது என்பது அதன் அளவை. இது வடிவத்துக்கான அளவையேயன்றிப் பாதுகாப்புக்கான அளவை அன்று என்பதை வலியுறுத்திச் சொல்லவேண்டும். குறுகித் தடித்த கை மரத்தின் மீது அதிக வருத்தத்தையே ஏற்றுகிறது. அவ்வளவையை ஏற்று வில் செய்வோர் அதற்கு ஈடாக நீளத்தைக் கூட்டுவதே நெறி. 28 அங்குல இழுப்புக்கு அமெரிக்கத் தட்டைவில் 66 அங்குலத்தில் அமையலாம். நெடுவில்லுக்கு ஆறு அடியும் அதற்கு மேலும் தேவைப்படுகிறது.

இரு மரபுகளும் முழுமையாக உடன்படும் இடம் முதுகு. வில்லின் முதுகு, முனை முதல் முனை வரை, ஒரே ஆண்டு வளையத்தின் மேற்பரப்பாக இருக்கவேண்டும். யூவில் மரப்பட்டையை உரித்தவுடன் தெரியும் பரப்பே இதற்குப் போதும். ஓசேஜ் ஆரஞ்சில் வெள்ளையை நீக்கி, வைரத்தில் ஒரு வளையத்தைத் தேர்ந்து, அதை வெட்டாமல் இருகைப்பிடிக் கத்தியாலும் சுரண்டியாலும் மேல்வளையங்களை மட்டும் அகற்றவேண்டும். கத்தி ஓரிடத்தில் தடம் மாறி வளையத்தை அறுத்துவிட்டால், அங்கே முடியும் நார்களே பின்னாளில் மேலெழும்பும். பலகையிலிருந்து வில் செய்வோர் முதுகில் பதப்படுத்தாத தோலையோ லினன் துணியையோ ஒட்டுவது உண்டு. எழும்பும் சிம்பை அது ஓரளவு அடக்கிப் பிடிக்கும். ஆனால் நாரோட்டம் குறுக்கே ஓடும் பலகையை எந்தத் தோலும் வில்லாக்கிவிடாது.

ஈரப்பதமும் இதற்கு இணையான கவனத்துக்குரியது. எட்டு முதல் பத்து விழுக்காடு ஈரம் உள்ள மரமே நன்கு வளையும்; பன்னிரண்டைக் கடந்தால் வளைவு நிலைத்துவிடுகிறது, ஆறுக்குக் கீழே போனால் முதுகு நொறுங்குகிறது. கோடையில் செம்மையாக எய்த வில், குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய வறண்ட அறையில் தொங்கியபின் முறிந்துபோவதற்கு இவ்வறட்சி ஒரு முதன்மைக் காரணமாகும்.

இனி வளைவுச் சீரமைப்பு. டில்லரிங் என்று வில்வினைஞர் கூறும் இச்செயல், இரு கைகளும் ஒத்து வளையும் வரை வயிற்றின் மரத்தைச் சிறிது சிறிதாக இழைத்து எடுப்பதாகும். முதலில் கம்பின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்ப்பர். பின்னர் தளர்ந்த நீள்நாணை மாட்டி, சுவரில் பொருத்திய தாங்கியில் வைத்து, கப்பி வழியாக வரும் கயிற்றைச் சில மீட்டர் தொலைவில் நின்று இழுப்பர். இதனால் வளைவை முழுமையாகப் பார்க்கவும் முடிகிறது, முறிந்தால் துண்டுகளுக்கு விலகியிருக்கவும் முடிகிறது. ஒவ்வொரு முறை மரம் எடுத்தபின்பும், குறைந்த இழுப்பில் பல தடவை இழுத்துத் தளர்த்தினால்தான் அம்மாற்றம் மரத்தில் பதியும். நோக்கமாகக் கொண்ட இழுவிசையை எந்த நிலையிலும் கடக்கக்கூடாது என்பது இவ்வினையின் தலையாய விதி: ஐம்பது பவுண்டு வில் வேண்டுமெனில், தராசு ஐம்பதைக் காட்டியவுடன் இழுப்பு நிற்கவேண்டும், அது பதினான்கு அங்குலத்தில் காட்டினாலும் சரியே. ஓரிடம் மட்டும் கீல் போல மடிந்தால், அங்கே மேலும் ஒரு சுரண்டலும் கூடாது. மற்ற இடங்களிலேயே மரம் குறைக்கப்படவேண்டும். முழு இழுப்பில் வில்லை நிறுத்தி வைத்து அதன் வளைவை ரசிக்கும் வழக்கம், தொடக்கக்காரரின் பல வில்களை முறித்திருக்கிறது. ஒரு நிழற்படம் எடுத்துத் தளர்த்திவிட்டு, அப்படத்தில் வளைவை ஆராய்வதே அறிவுடைமை.

வில்லிலிருந்து ஒரு சிறு டிக் ஒலி எழுந்தால் உடனே இழுப்பைத் தளர்த்தவேண்டும். பஞ்சை முதுகின் மேல் தடவினால், கண்ணுக்குத் தெரியாத சிம்பிலும் அது சிக்கிக்கொள்ளும். நாரோட்டத்தை ஒட்டி நீளவாக்கில் ஓடும் உலர்வுப் பிளவு பெரும்பாலும் தீங்கற்றது. சிறு சிம்பை நீர்த்த பசை செலுத்தி நூலால் சுற்றிக் காக்கலாம். முதுகின் குறுக்கே ஓடும் விரிசல் ஒன்றே ஒன்றாயினும் அவ்வில் இனி நாணேறக்கூடாது. இதில் இரக்கத்துக்கு இடமளித்தால் காயம் உறுதி.

கையில் ஏந்தி முதன்முறை இழுக்கும்போது கண்ணாடியும் தொப்பியும் கையுறையும் அணிவது இன்றியமையாதது. முறிந்த மேல்கை, நாணோடு பிணைந்தபடியே எய்பவனின் தலையை நோக்கி வரக்கூடும். உடனிருப்போர் வில் வளையும் தளத்துக்கு நேரே, அதாவது முன்னும் பின்னும், நிற்கலாகாது. மரத்தூளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். யூவில் டாக்சின் என்னும் நச்சு இருப்பதால், முகக்கவசமின்றி அதை அரத்தால் தேய்ப்பது தவறு.

பழைய வில்களைப் பொறுத்தவரை, விக்டோரியா காலத்து யூ நெடுவில்கள் இன்றும் வீடுகளிலும் ஏலங்களிலும் காணப்படுகின்றன. அவற்றை வாங்குவோர் முதலில் வயிற்றைச் சாய்ந்த வெளிச்சத்தில் நோக்கிக் குறுக்குக் கோடுகள் உள்ளனவா எனவும், முனையின் கொம்புப் பூண் தளர்ந்துள்ளதா எனவும் பார்க்கவேண்டும். குறையின்றித் தோன்றினாலும் புதிய கம்பாகவே கருதித் தாங்கியில் ஏற்றி, சில அங்குல இழுப்பிலிருந்து பல நாள்கள் கொண்டு படிப்படியாகப் பழக்கவேண்டும். இழுவிசையாக எழுதப்பட்டிருக்கும் எண்ணை நம்பி முதல் நாளே முழுமையாக இழுத்தல் ஆகாது.