பெட்டி அழகு, போர்டு பாவம்

காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டியை வீட்டிலேயே செய்கிறவர்கள், வெளியே ஒட்டும் படத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது உள்ளே போகும் சர்க்யூட் போர்டுக்குக் காட்டலாம். 1980-ல் ஜப்பானின் நாம்கோ வெளியிட்ட பேக்-மேனின் அசல் போர்டு இன்று பொக்கிஷம். அதைப் போய் நேராக மரத்தில் வைத்து ஸ்க்ரூ முடுக்குகிறார்கள்! அடியில் துருத்தும் சால்டர் முனைகள் மேல் போர்டு வளைந்து விரிசல் விடாதா, சொல்லுங்கள்? மூலைக்கொரு பிளாஸ்டிக் ஸ்பேசர் போதும், காற்றும் போகும். 1985-ல் வந்த ஜாம்மா கனெக்டரில் 56 முனைகள். தலைகீழாகச் செருகினால் போர்டு புகைந்துவிடலாம். அதைத் தடுக்க ஒரு வெட்டு வைத்திருக்கிறார்கள். அதையும் மீறி அழுத்தும் மகானுபாவர்கள் உண்டு. அவர்களுக்குக் கையகல ராஸ்பெரி பையில் மேம் எமுலேட்டரே போதும். 256-வது கட்டத்தில் பாதித் திரை குழம்பும் பழைய பிழைகூட அதில் அப்படியே வரும்.