ஓரத்து மேசையில் லேஸ்

தேவாலய விற்பனை விழாக்களில் கூட்டமெல்லாம் முறுக்கும் அச்சப்பமும் கேக்கும் விற்கிற பக்கம்தான் நெருக்கியடிக்கும். ஓரத்தில், சபைப் பெண்கள் கைவேலைகளைப் பரப்பியிருக்கும் மேசையருகே கொஞ்சம் நின்று பாருங்கள். நாகர்கோவில், இடையன்குடிப் பக்கத்து லேஸ் ஒரு துண்டு அகப்பட்டால்கூட, அன்றைக்கு வந்ததே அதற்காகத்தான் என்று தோன்றிவிடும். விரலால் வருடினால் நூலுக்கு முன்பே இடைவெளிகள் தட்டுப்படும். அவற்றின் ஒழுங்கில்தான் பூவும் இலையும் உருவாகின்றன. இதற்குத் தறி கிடையாது. இறுக அடைத்த திண்டு, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைகளில் குண்டூசிகள், நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகள். இரண்டு ஜோடியை எடுத்து, மாற்றிப் போட்டு, முறுக்கி, ஊசி குத்தி, அடுத்த ஜோடிக்கு நகர்கின்றன விரல்கள். கட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், ஓட்டின்மேல் முதல் தூறல் விழுவதுபோல் இருக்கும். நூலின் இழுவை எங்கேனும் தளர்ந்தால் இலையின் ஓரம் நெளிந்துபோகும். நுண்ணிய மாதிரி என்றால், வெகுநேரம் உட்கார்ந்தும் விரலகலம்தான் வளர்ந்திருக்கும்.

1820களில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் இந்த லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தபோது, விற்ற பணம் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. இன்றும் இப்படிப்பட்ட மேசைகளில் சேரும் காசு மிஷனரி ஊழியங்களுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லங்களுக்கும் போகிறது. மனசுக்கு நிறைவான காரியம். ஆனாலும் தருமம் என்று நினைத்து வாங்காதீர்கள். துண்டைத் திருப்பி, பின்பக்கத்தின் சுத்தத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பேரம் மட்டும் பேச வேண்டாம்.