கண்ணாடியில் விழுந்த குத்து

குத்துச்சண்டை என்றதும் நம் இல்லங்களில் முகம்மது அலியின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். கொள்கைக்காக உலகப் பட்டத்தையே இழக்கத் துணிந்த வீரர் அவர். அந்த நினைவோடு மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘ரேஜிங் புல்’ (1980) படத்தைக் காண அமர்ந்த நான் திகைத்துப் போனேன். தன் சினத்துக்கே இரையான ஒரு மனிதனின் வரலாறு அது.

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்த ஜேக் லமோட்டா 1949-இல் மார்செல் செர்டானை வென்று நடுத்தர எடைப் பிரிவில் உலக வீரரானார். 1951-இல் சுகர் ரே ராபின்சனிடம் அப்பட்டத்தைப் பறிகொடுத்தார். அவராக நடித்த ராபர்ட் டி நீரோ, பிற்காலத்து லமோட்டாவைக் காட்டுவதற்காகத் தம் உடல் எடையை ஏறக்குறைய 27 கிலோ கூட்டிக்கொண்டார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருது அவரைத் தேடி வந்தது.

சண்டைக் களத்தின் காட்சிகளைக் கலையின் சிகரம் என்பார்கள். என் மனக்குறையும் அங்கேதான். மஸ்காக்னியின் இன்னிசை தொடக்கத்தில் தாலாட்ட, பின்னர்க் குருதியும் வியர்வையும் கறுப்பு வெள்ளையில் சிதறும் போது, அடியின் வலி மறைந்து அழகு முன்னே நின்றுவிடுகிறது. ஆனால் கதை வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த மயக்கம் தெளிகிறது. இறைச்சி அதிகம் வெந்துவிடும் என்று மனைவியோடு சண்டையிட்டு மேசையையே கவிழ்க்கிறார் லமோட்டா. வீண் சந்தேகத்தால் உடன்பிறந்தவன் வீட்டில் புகுந்து, மனைவி மக்கள் கண்ணெதிரே அவனை அடித்து வீழ்த்துகிறார். கறுப்பு வெள்ளையான இக்கதையின் நடுவே திருமணமும் குழந்தைகளும் வரும் குடும்பப் படச்சுருள் மட்டும் வண்ணத்தில் ஓடுகிறது. அவர் தம் கையாலேயே அழித்த வண்ணம் அது.

குடும்பத்தோடு அமர்ந்து காணத்தக்க படம் அன்று இது. வசைச் சொற்கள் மலிந்தது. ஆயினும் குடும்பத் தலைவர்கள் தனித்தேனும் காண வேண்டியது என்பேன்.

இதை நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த போது, என் மகன் ஓர் இசைத்தட்டின் உறையைக் காட்டி, “இதையும் கேளுங்கள் வாப்பா” என்றான். கலிபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் என்னும் பங்க் இசைக் குழு 1981-இல் வெளியிட்ட ‘டேமேஜ்ட்’ அது. உறையில் ஓர் இளைஞன் கண்ணாடியில் தெரியும் தன் முகத்தையே குத்துகிறான். கண்ணாடி நொறுங்கி, கையில் இரத்தம் வழிகிறது. அந்த இரத்தம் சிவப்பு மையும் காப்பியும் கலந்த பூச்சு என்று பின்னர் அறிந்து ஆறுதலுற்றேன். ஒலியிலோ அத்தகைய ஆறுதல் கிடைக்கவில்லை.

பதினைந்து பாடல்கள், 35 நிமிடங்கள். கிரெக் ஜின்னின் கிட்டார் அறுக்கிறது. அப்போது இருபதே வயதான ஹென்றி ராலின்ஸ் அலறுகிறார். இரண்டாம் பாடலிலேயே நிறுத்தச் சொன்னேன். இதை விநியோகிக்கவிருந்த பெரிய நிறுவனத்தின் தலைவரும், தாம் ஒரு தந்தை என்ற முறையில் இது பெற்றோருக்கு எதிரானது என்று கூறி மறுத்தாராம். குழுவினர் அச்சொல்லையே அச்சிட்டு உறையில் ஒட்டி விற்றனர்! நானும் அவர் கட்சியில்தான் இருந்தேன்.

இரவில் தனியே மீண்டும் கேட்டேன். அடக்குபவரை எதிர்த்து எழும் முதற்பாடலில் நிமிர்வு இருந்தது. பீர் அருந்தித் தொலைக்காட்சியே கதியெனக் கிடப்போரைப் பகடி செய்யும் பாடலில் நகை இருந்தது. இறுதிப் பாடலில் தாளம் தளர்ந்து, குரல் உடைந்து, ஓர் உள்ளம் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. வெளியேறும் வழி காட்டாதது இத்தட்டின் குறை. ஆனால் பொய் பேசவில்லை.

அப்போது படத்தின் ஒரு காட்சி நினைவில் எழுந்தது. 1957-இல் சிறைக்குள் தள்ளப்பட்ட லமோட்டா, சுவரில் தலையை மோதி, கைகளால் குத்திக் கதறும் காட்சி. அவருக்கும் அந்த இளைஞனுக்கும் குத்து ஒன்றே. அவரோ மனைவியை, தம்பியை, பேரை எல்லாம் இழந்தபின் அச்சுவருக்கு வந்து சேர்ந்தவர். இவன் தொடக்கத்திலேயே கண்ணாடி முன் நிற்கிறான். இன்னும் எவரையும் அடிக்கவில்லை. கேட்கச் செவி இருந்தால் இவன் காப்பாற்றப்படலாம்.

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு நான் எழுந்த இரவுகள் உண்டு. என் மகன் அவற்றைக் கண்டவன். எந்தக் கண்ணாடியை அவன் என் முன் வைத்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

படத்தின் முடிவிலும் லமோட்டா கண்ணாடி முன் அமர்கிறார். பின்னர், பார்வையற்றவன் பார்வை பெற்றதைச் சொல்லும் பைபிள் வரிகள் திரையில் தோன்றுகின்றன. நபி ஈசா (அலை) அவர்களின் அந்த அற்புதத்தை நாமும் நம்புகிறவர்களே. லமோட்டா பார்வை பெற்றாரா என்பதை ஸ்கார்செஸி சொல்லவில்லை. சொல்லாததே அப்படத்தின் நேர்மை. பிறரைச் சாய்ப்பதில் வீரம் இல்லை, சினம் பொங்கும் வேளையில் தன்னை அடக்கி ஆள்வதிலேயே வீரம் உண்டு என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. சிறுவயதில் மதரஸாவில் அதை மனனம் செய்தேன். பொருள் விளங்க இத்தனை ஆண்டுகளும் இவ்விரு படைப்புகளும் வேண்டியிருந்தன.