எரித்த கையே எழுதிய நூல்

மெக்சிக்கோவின் தென்கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பத்தின் வடபகுதி யுகட்டான் மாநிலம். அந்நிலத்தையும் அதன் தொல்குடியினராகிய மாயா மக்களையும் அறிய விழைவோர் முதலில் நாடும் நூல், பிரான்சிஸ்கு சபைத் துறவி தியேகோ தெ லாந்தா 1566 அளவில் ஸ்பானிய மொழியில் எழுதிய யுகட்டான் வரலாறே. வியப்பும் வேதனையும் ஒருங்கே எழ நாம் அதனைப் படிக்கிறோம். மாயா மக்களின் ஏடுகளைத் தீக்கிரையாக்கியவரும் இவரே அல்லவா?

நூலின் பெருமை அதன் கூர்ந்த நோக்கில் உள்ளது. மண் மெலிந்து சுண்ணாம்புப் பாறையே விரிந்து கிடக்கும் நாடு அது. வடபகுதியில் நிலத்தின்மேல் ஆறு ஓடுவதில்லை. மழைநீர் பாறையினூடே இறங்கிவிடுகிறது. பாறைக்கூரை இடிந்த இடங்களில் தோன்றும் 'செனோட்' என்னும் இயற்கைக் கிணறுகளே ஊர்களுக்கு உயிர். வடகரை உப்பு, தேன், மெழுகு, பருத்தி, மக்காச்சோளம் என மக்களின் வாழ்வாதாரங்களை லாந்தா விரிவாக உரைக்கிறார். விதைப்புக் காலத்தில் இருபதின்மர் அளவில் கூடி, அனைவர் நிலத்திலும் அனைவரும் உழைக்கும் வழக்கத்தைப் பாராட்டவும் செய்கிறார்.

எனினும் நூலின் பெருங்குறையை நாம் மறைத்தல் தகாது. திருமுழுக்குப் பெற்ற மாயா மக்கள் மறைவில் பழைய உருவங்களை வணங்கினர் என்பதற்காக, 1562-இல் அவர் நடத்திய விசாரணையில் ஆயிரக்கணக்கானோர் வதைக்கப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஜூலையில் மனீ என்னும் ஊரில் ஏடுகள் எரிந்தன. அடுத்த மாதம் வந்துசேர்ந்த ஆயர் பிரான்சிஸ்கோ தெ தோரால் சிறைப்பட்டோரை விடுவித்தார். விளக்கம் சொல்ல ஸ்பெயின் சென்றபோதே லாந்தா இந்நூலை எழுதினார். பின்னர்க் குற்றம் நீக்கப்பெற்று, 1573-இல் ஆயராகவே திரும்பினார்.

படைவீரர் இழைத்த கொடுமைகளை மனம் பதறி எழுதுபவர், தம் செயலைக் கடமையெனச் சில வரிகளில் கடந்துவிடுகிறார். ஏடுகள் எரிந்தபோது மக்கள் பட்ட துயரத்தைக் குறித்திருக்கிறார். அத்துயரத்தின் காரணத்தை மட்டும் அவர் வினவவில்லை.

நமக்குக் கிடைத்திருப்பது நூலின் சுருக்கப் படியே. 1862-இல் பிரசேர் தெ பூர்பூர் என்னும் பிரெஞ்சுக் குரு அதனை மத்ரித் நகரில் கண்டெடுத்தார். லாந்தா குறித்துவைத்த எழுத்துப் பட்டியலைத் துணைக்கொண்டே, 1952-இல் யூரி க்னோரோசொவ் மாயா எழுத்தைப் படிக்கும் வழியைத் திறந்தார். ஆதலால் நூல் பழியைத் துடைத்துவிட்டது என்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். எழுத்துக்குத் திறவுகோல் கிடைத்தது. திறந்து படிக்க எஞ்சிய பழஞ்சுவடிகளோ நான்கே.

ஒரு மக்களை நுணுகி அறிவது அவர்களை அன்பு செய்வதாகிவிடாது. கொரிந்தியருக்குப் பவுலடியார் விடுத்த எச்சரிக்கையும் இதுவே. பிற்காலத்தில் கற்றாழை நார்த் தோட்ட முதலாளிகளும் மாயா உழைப்பாளரின் திறனை நன்கு அறிந்திருந்தனர். அறிந்தே கடனால் கட்டிவைத்தனர்.

லாந்தா பணியாற்றிய இசமால் துறவு மடம், பழைய மாயா ஆலய மேட்டின்மீது நிற்கிறது. 1993 ஆகஸ்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அங்கேதான் அமெரிக்கத் தொல்குடி மக்களைச் சந்தித்தார். அவர்கள் பேச, திருச்சபை செவிமடுக்கும் ஒவ்வொரு நாளும் லாந்தா எழுதாமல் விட்ட பக்கம் ஒன்று எழுதப்படுகிறது.