அடுக்களை ரேடியோ

சிம் கழற்றிப் பீரோவில் போட்ட பழைய போனை எடுத்தால், முதலில் முதுகைத் தடவிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜரையே காட்டாதீர்கள். மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடலாம். எங்கள் வீட்டுப் போன் தட்டையாகத்தான் இருந்தது. இப்போது அது அடுக்களை ரேடியோ.

பழைய போன்கள் பலவற்றில் எஃப்.எம். உள்ளேயே உண்டு. வைஃபை வேண்டாம், டேட்டா வேண்டாம். ஆனால் இயர்போனைச் செருகாவிட்டால் பெரும்பாலும் பாடாது. காதுக்காக அல்ல, அந்த வயர்தான் ஏரியல். பண்பலை அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதைச் சரியாகப் பிடிக்கும் ஏரியல் உள்ளங்கையளவு கருவிக்குள் அடங்காது. தொங்கும் வயர் பிடித்துவிடுகிறது! ஜன்னல் கம்பியில் அதை மாட்டிவிட்டு ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றினால், 101.4-இல் சென்னை ரெயின்போ கணீரென்று வரும். மிக்சியிடம் மட்டும் தோற்கும். 3.5 மி.மீ. துளையைத் துறந்துவிட்ட விலையுயர்ந்த புதுப் போன்களுக்கு இது வாய்க்காது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

சார்ஜரிலேயே கிடப்பது லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. சார்ஜை 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவே வைத்திருந்தால் கூடுதல் காலம் உழைக்கும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனதால் வங்கிச் செயலி எதையும் அதில் வைக்கவில்லை. சிம் இல்லாததால் அழைப்பும் ஓ.டி.பி.யும் வராது. மாவுக் கையோடு யாரும் ஓடிவர வேண்டியதில்லை.