சித்திரக்கதைத் தழுவலில் மூலப்பற்றின் எல்லைகள்: ‘டின்டின்’ அசைவூட்டத் தொடரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

புகழ்பெற்ற சித்திரக்கதைகள் தொலைக்காட்சி அசைவூட்டத் தொடர்களாகும்போது, அவை மூலத்தை எந்த அளவுக்குப் பின்பற்ற வேண்டும் என்னும் வினா எழுகிறது. பெல்ஜிய ஓவியர் எர்ஜேயின் ‘டின்டின்’ கதைகளைத் தழுவி 1991-92இல் வெளிவந்த அசைவூட்டத் தொடரை இக்கட்டுரை அவ்வினாவுக்கான களமாகக் கொள்கிறது. மூலப்பற்று என்பது ஒற்றைப் பண்பன்று. நிகழ்வு, கோடு, வாசிப்பின் தாளம், நோக்கு என அது பல நிலைகளில் அமைவது. ஒரு நிலையில் மூலத்தைக் காப்பது மற்றொரு நிலையில் அதனை இழப்பதாக முடியலாம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, அசைவூட்டம், தழுவல், வழிநூல், எர்ஜே, டின்டின்.

முன்னுரை

தழுவலை மூலத்தோடு வைத்து அளக்கும் திறனாய்வு முறை நெடுங்காலமாக ஐயத்திற்கு உள்ளாகி வந்துள்ளது. லிண்டா ஹட்சன், ராபர்ட் ஸ்டாம் முதலிய கோட்பாட்டாளர்கள், மூலத்துக்கு உண்மையாக இருத்தலே தழுவலின் தகுதி என்னும் கருத்தை மறுத்தனர். ஆயினும் பார்வையாளரின் முதல் வினா இன்றளவும் ‘புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா?’ என்பதாகவே உள்ளது. இவ்வினாவை எள்ளி ஒதுக்குவதைவிட, ‘புத்தகத்தில் உள்ளது எது?’ என்று அதனை விரித்துக் கேட்பதே பயன் தரும்.

தமிழ் இலக்கண மரபு இதற்குத் துணைநிற்கிறது. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. நன்னூல் வழிநூலுக்கு மூன்று கூறுகளை வகுக்கிறது: முடிபில் முதனூலோடு ஒற்றுமை, பின்னோன் விரும்பும் வேறுபாடு, மரபின் அழியாமை. இவை இலக்கண நூல்களையும் அறிவு நூல்களையும் கருதிக் கூறப்பட்டவை. கதைக்கும் காட்சிக்கும் அப்படியே பொருந்துவன அல்ல. எனினும் வேறுபாட்டைக் குற்றமாகக் கொள்ளாமல், வழிநூலின் இலக்கணத்துக்குள்ளேயே அதற்கு இடமளித்த பார்வை இங்குக் கருதத்தக்கது.

இரு தழுவல்கள்

டின்டின் 1929 ஜனவரி 10 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் ‘லே பெத்தி வேந்தியேம்’ என்னும் சிறுவர் இணைப்பிதழில் தோன்றினான். எர்ஜே என்னும் புனைபெயர் கொண்ட ஜார்ஜ் ரெமி (1907-1983) முற்றுப்பெறாத இறுதிக்கதை உட்பட 24 கதைகளைப் படைத்தார். பெல்விஷன் நிறுவனம் 1957 முதல் இவற்றுள் சிலவற்றை அசைவூட்டமாக்கியது. ஐந்து நிமிடத் துணுக்குகளாக அமைந்த அத்தொடர் கதைநிகழ்வுகளைத் தயக்கமின்றி மாற்றிக்கொண்டது. பிரான்சின் எலிப்ஸ், கனடாவின் நெல்வானா ஆகிய நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய இரண்டாவது தொடர், 39 அரைமணிப் பகுதிகளில் 21 கதைகளைத் தந்தது. ஸ்டெஃபான் பெர்னாஸ்கோனி இதனை இயக்கினார். 18 கதைகள் இரண்டு பகுதிகளாகவும், மூன்று கதைகள் ஒரே பகுதியாகவும் அமைந்தன.

இரண்டாவது தொடரே மூலத்துக்கு நெருக்கமானது என்பது பொதுவான மதிப்பீடு. நிகழ்வு நிலையில் இது சரியே. தாள நிலையில் நோக்கினால் முடிவு வேறாகிறது. எர்ஜேயின் தொடக்கக் கதைகள் வாரம் இரண்டு பக்கங்களாக வெளிவந்தவை. ஒவ்வொரு தவணையின் இறுதிக் கட்டத்திலும் ஓர் ஆவலைத் தொங்கவிட்டு, வாசகரை அடுத்த வாரம்வரை காக்கவைப்பது அவற்றின் கட்டமைப்பு. பெல்விஷனின் ஐந்து நிமிடத் துணுக்குகள் கதையைச் சிதைத்தாலும் இந்தத் தவணைத் தாளத்தை மீட்டெடுத்தன. இரண்டாவது தொடரிலோ 62 பக்க நூலொன்று ஏறத்தாழ 40 நிமிடங்களுக்குள் அடங்குகிறது. பக்கத்துக்கு 40 விநாடி அளவே கிடைக்கிறது. நிகழ்வுகள் தப்பிப் பிழைக்கின்றன, காத்திருப்பு மறைகிறது.

கோடும் காலமும்

எர்ஜேயின் ஓவியமுறை ‘தெளிகோடு’ எனப்படுகிறது. ஒரே தடிப்புள்ள கோடு, நிழற்கீற்றின்மை, தட்டையான வண்ணம் ஆகியன இதன் இயல்புகள். பின்னணி நுட்பமாகவும், முகம் சில கோடுகளாகவும் வரையப்படும். எளிய முகத்தில் வாசகர் தம்மையே பொருத்திக்கொண்டு விரிவான உலகுக்குள் நுழைகிறார் என ஸ்காட் மெக்லவுட் இதனை விளக்குவார். தட்டை வண்ணத்தை இயல்பாகக் கொண்ட மரபுவழி அசைவூட்டத்துக்கு இம்முறை ஏற்றதாதலால், இரண்டாவது தொடரின் காட்சிகள் நூலின் கட்டங்களை நினைவூட்டுவதில் பெரிதும் வெற்றி பெறுகின்றன.

ஆனால் சித்திரக்கதையின் பொருள் கட்டங்களில் மட்டும் இல்லை. கட்டங்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்திலும் இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புபவர் வாசகர். எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது பக்கத்தைப் புரட்டுவது என்பதை முடிவு செய்பவரும் அவரே. அசைவூட்டம் இடைவெளியைத் தானே நிரப்பிவிடுகிறது. கட்டங்களை எத்துணை உண்மையாகப் படியெடுத்தாலும் இவ்வேறுபாடு நீங்காது.

ஊடகம் கடத்தவியலாத கூறுகளும் உள. இரட்டைத் துப்பறிவாளர்களின் பெயர்கள் பிரெஞ்சில் இறுதி எழுத்தாலும், ஆங்கிலத்தில் ஒலிக்கப்படாத ஓர் எழுத்தாலும் மட்டுமே வேறுபடுகின்றன. கண்ணுக்குத் தெரிந்து காதுக்குக் கேட்காத நகைச்சுவை அது. ஒலிவழி ஊடகத்தில் தானே கரைந்துபோகிறது. நூலில் நாய் ஸ்னோயி தன் எண்ணங்களைப் பேச்சுக்குமிழிகளில் வெளியிடுகிறது. தொடரில் குரைப்பதோடு நிற்கிறது. நூலின் அமைதியான பக்கத்தில் இயல்பாகத் தோன்றும் நாயின் பேச்சு, மனிதக் குரலில் ஒலித்தால் கதையின் நடப்பியலைக் குலைத்துவிடும். இங்கு மூலத்திலிருந்து விலகியதே மூலத்தின் உலகைக் காத்தது.

எந்த மூலம்?

மூலப்பற்று பேசுவோர் மூலம் ஒன்றே என எண்ணுவர். எர்ஜேயின் படைப்புகள் அவ்வெண்ணத்துக்கு இடந்தருவதில்லை. ‘கருந்தீவு’ 1938இல் கறுப்பு வெள்ளையிலும், 1943இல் வண்ணத்திலும் வந்தது. பிரித்தானியப் பதிப்பகம் 131 பிழைகளைச் சுட்டியதையடுத்து 1966இல் மீண்டும் முழுமையாக வரையப்பட்டது. ‘கறுப்புத் தங்க நாடு’ 1939இல் தொடங்கிப் போரால் இடைநின்று, 1950இல் நூலானது. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட பாலஸ்தீனக் களம் 1971 பதிப்பில் நீக்கப்பட்டுக் கற்பனை நாடொன்றுக்கு மாற்றப்பட்டது. ‘தங்கக் கொடுக்கு நண்டு’ கதையில் அமெரிக்கப் பதிப்பாளரின் வேண்டுகோளுக்கேற்பக் கறுப்பினப் பாத்திரங்கள் மாற்றி வரையப்பட்டனர். ஆசிரியரே தம் நூலுக்கு வழிநூல் செய்துகொண்ட நிலை இது. எனவே தழுவுவோர் மூலத்தைப் பின்பற்றுவதற்குமுன் ஒரு மூலத்தைத் தேர்ந்தாக வேண்டும். அத்தேர்வே ஒரு திறனாய்வு.

நீக்கலின் விலை

‘அமெரிக்காவில் டின்டின்’ கதையின் தழுவல் இச்சிக்கலின் கூர்மையான எடுத்துக்காட்டு. ஒரே பகுதிக்குள் சுருக்கப்பட்ட இத்தழுவல், சிகாகோ குற்றக்கும்பலோடான மோதலை முதன்மையாக்கிப் பழங்குடியினர் தொடர்பான பகுதியை விட்டுவிடுகிறது. 1931-32இல் வெளிவந்த மூலத்தில் பழங்குடியினர் எளிதில் ஏமாறுவோராக வரையப்பட்டது இன்று ஏற்கத்தக்கதன்று. அவ்வகையில் நீக்கத்துக்கு நியாயம் உண்டு.

ஆயின் அதே பகுதியில்தான் நூலின் மிகக் கூரிய அங்கதமும் இடம்பெறுகிறது. பழங்குடியினர் நிலத்தில் எண்ணெய் பீறிடுகிறது. டின்டினுக்குப் பெருந்தொகை தர முந்தும் வணிகர்கள், நிலம் பழங்குடியினருடையது என அறிந்ததும் 25 டாலரை நீட்டி அவர்களை வெளியேறச் சொல்கிறார்கள். துப்பாக்கி முனையில் மக்கள் விரட்டப்படுகின்றனர். மறுநாள் அங்கே ஒரு நகரம் எழுந்து நிற்கிறது. சில கட்டங்களில் ஒரு நிலப்பறிப்பின் வரலாறு சொல்லப்பட்டுவிடுகிறது. இழிவான வார்ப்புருவை அகற்றும் முயற்சியில், பறிகொடுத்தோரின் வழக்கும் சேர்ந்தே அகற்றப்பட்டது. இகழ்ச்சி மறைந்தது, இகழப்பட்டவரும் மறைந்தனர்.

‘காங்கோவில் டின்டின்’ தொடரில் சேர்க்கப்படாததை இதனோடு ஒப்பிடலாம். காலனிய மேலாண்மை அக்கதையின் ஓரிரு காட்சிகளில் அன்றி அடித்தளத்திலேயே உள்ளது. அதனைத் தழுவாமல் விடுத்தது பொருத்தமான முடிவே. அமெரிக்கக் கதையிலோ வார்ப்புருவும் அங்கதமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அங்குத் தேவைப்பட்டது நீக்கல் அன்று, மீளவரைதல்: பழங்குடியினரின் முகங்களை மாற்றி, எண்ணெய்க் கிணற்றை நிறுத்தியிருக்கலாம். எர்ஜேயே பிற்காலப் பதிப்புகளில் கையாண்ட வழி அதுவேயாதலால், அது மரபுக்கும் மாறானதன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவது, நிகழ்வுகளின் ஒப்புமை மூலப்பற்றின் மிக எளிய நிலையே. அதனைக் கொண்டு மட்டும் தழுவலை மதிப்பிடல் ஆகாது. இரண்டாவது, ஊடகம் கோரும் மாற்றங்களும் காலத்தின் அறவுணர்வு கோரும் மாற்றங்களும் வெவ்வேறானவை. முன்னவை பெரும்பாலும் தவிர்க்கவியலாதன. பின்னவை தேர்வுகள், ஆதலின் அவை விடையளிக்கும் பொறுப்புடையன. மூன்றாவது, தொகுத்தலில் எது விடப்படுகிறது என்பதே தழுவுவோரின் வாசிப்பைக் காட்டும் உரைகல்.

நன்னூலார் கூறும் ‘முடிபு’ என்பதைக் கதையின் இறுதி நிகழ்வாகக் கொள்ளாமல் படைப்பின் நோக்காகக் கொண்டால், எலிப்ஸ்-நெல்வானா தொடர் பெரும்பாலான கதைகளில் நல்ல வழிநூலாகவே அமைகிறது. அமெரிக்கக் கதையில் அது குற்றவாளிகளைப் பிடிக்கும் முடிபைக் காத்து, அறத்தின் முடிபை இழந்தது. சித்திரக்கதைகளை இனித் தழுவ முனைவோர் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வரையப்பட்டுள்ளது என்பதோடு, அக்கட்டம் யார் பக்கம் நிற்கிறது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.